சொல்லில் கை வைக்காதவர்

அரிமளத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆட்களிடம் அவர்களுடைய வலைத்தளத்தைக் காட்டி முடித்துவிட்டு, புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. சும்மா நிற்கத் தெரியாத ஆள் நான். கையில் போன் இருந்தது. எங்கள் ஆபீஸ் அக்கா தனக்கென்று வைத்திருந்த வலைப்பக்கம் சின்னத் திரையில் அடங்குகிறதா, ஓரம் வெட்டுப்படுகிறதா, பார்த்துவிடுவோம் என்று முகவரியைத் தட்டினேன்.

திரையில் வந்தது இது: jk;gp th.

அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் இருபது வரி. ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. எழுத்துக்கு நடுவில் எல்லாம் அரைப்புள்ளி.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே இடத்தில் 'தம்பி வா' என்று முத்து முத்தாகத் தெரியும். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடம் முழித்தேன், அப்புறம் பிடிபட்டுவிட்டது. எங்கள் ஆபீஸ் இருந்தது கீழ ராஜ வீதியில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையின் மாடியில். பழைய தமிழ் எழுத்துருக்கள் அத்தனையும் அங்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். பத்திரிகைக்கு வேண்டுமே. அக்காவின் பக்கம் அப்படி ஒரு பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இருக்கும் இடத்தில் அது தமிழ். இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில விசைகள். போன்களில் அது கிடையவே கிடையாது.

அப்படியானால் இத்தனை வருடமாக, எங்கள் மாடியைத் தாண்டி யாருமே அந்தப் பக்கத்தைப் படித்திருக்க முடியாது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைத்தால் மேற்கொண்டு நான் எழுதுவதில் அர்த்தமில்லை. அக்காவிடம் ஒரு தப்பு கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்.

ஏனென்றால் அக்காவிடம் தப்பு கண்டுபிடிக்க முடியாது. படிப்பு முடித்த கையோடு அந்த ஆபீஸில் சேர்ந்தவள் நான். அக்கா அங்கே பதினைந்து வருடத்துக்கு மேல் பழசு. ஆவூர்ப் பக்கம் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார். திறந்ததை மூடாமல் அவரால் இருக்க முடியாது. தண்ணீர் பாட்டில், பேனா, ஜன்னல், அடுத்தவர் டிபன் பாக்ஸ், எதுவானாலும். ஒரு நாள் முதலாளி செருமிக்கொண்டே யாரையோ திட்ட ஆரம்பித்து, பாதியில் போன் வந்து எழுந்து போய்விட்டார். அவர் திரும்பி வந்ததும் அக்கா, "சார், ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தீங்க, முடிச்சிருங்க" என்றார். ஆபீஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

வலைப்பக்க வேலையே திறந்து மூடுவதுதான். எழுதியிருக்கும் சொற்களுக்கு முன்னாலும் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத குறிகள் போட வேண்டும். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று பிரவுசருக்குச் சொல்கிற குறிகள். டேக் என்போம். ஒரு டேக்கைத் திறந்தால் மூட வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு ஜவுளிக்கடைப் பக்கத்தில் பட்டியல் டேக்குகளைத் திறந்து திறந்து விட்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் அத்தனையும் மூடிக் கிடந்தன.

"யாருக்கா என் ஃபைல்ல கை வச்சது?"

"நாந்தான். தொறந்து கெடந்துச்சு."

"அது இப்பத் தேவையில்லக்கா. மூடாட்டியும் பிரவுசரு புரிஞ்சுக்கும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது. அஞ்சாம் பதிப்பு படிக்கலையா நீங்க?"

"படிச்சேன்."

"அப்பறம் என்ன?"

"அது புரிஞ்சுக்கும் புள்ள. அதுக்காக நம்ம மூடாமப் போறதா? வீட்டுல ஆளு இருக்குன்னா கதவத் தொறந்து போட்டுட்டா வருவ?"

எனக்கு வேகம். புதிதாக எது வந்தாலும் அன்றைக்கே போட்டுப் பார்க்க வேண்டும். கீழே பத்திரிகை டிசைன் செய்யும் அண்ணன் எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பேர் வைத்திருந்தார். "எக்ஸ்பிரஸ் வருதுடா, எல்லாரும் தண்டவாளத்த விட்டு ஒதுங்கு!" அக்காவும் நானும் தினம் சண்டை போட்டோம். என் வயதுக்காக அவர் விட்டுக்கொடுத்ததும் இல்லை, அவர் வயதுக்காக நான் விட்டுக்கொடுத்ததும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

எச்டிஎம்எல் என்கிற இந்த டேக் மொழியின் தரம், அதாவது ஸ்டாண்டர்ட், மாறிய கதை முழுக்க அக்காவின் கைவழியாகப் போயிருக்கிறது. ஆரம்பத்தில் டேக்குகள் எல்லாம் அலங்காரத்துக்குத்தான். இந்த எழுத்து சிவப்பு, இந்த வரி நடுவில், இது மினுக்க வேண்டும், இது வலமிருந்து இடம் ஓட வேண்டும். அக்காவும் ஓடவிட்டிருக்கிறார், மினுக்கியிருக்கிறார். பிறகு தரம் எழுதுகிற கமிட்டி, அலங்காரத்தைத் தனி ஃபைலில் வை, டேக் என்பது ஒன்று என்னவென்று மட்டும் சொன்னால் போதும் என்றது. அக்கா உட்கார்ந்து அத்தனை பக்கங்களையும் மாற்றினார். அப்புறம் எக்ஸ்எச்டிஎம்எல் வந்தது. ஒரு டேக் மூடாவிட்டாலும் பக்கமே திறக்கக் கூடாது என்கிற அளவுக்குக் கறார். உலகத்தில் பாதிப் பேர் புலம்பியபோது அக்காவுக்கு மட்டும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்திருக்கிறது. மறுபடி அத்தனையும் மாற்றினார். முதலாளி திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னம்மா மாத்துன? அப்படியேதான இருக்கு?" என்று கேட்டாராம்.

"உள்ள மாறியிருக்கு சார்."

அந்தக் கறாரான தரத்தின் அடுத்த பதிப்பை அக்கா வருடக்கணக்கில் எதிர்பார்த்திருந்தார். பிரவுசர் செய்கிறவர்கள் அது ஒத்துவராது என்று தனியாகக் கூடி, தளர்வான வேறொன்றை எழுத ஆரம்பித்தார்கள். கடைசியில் கறார் பதிப்பைக் கைவிட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அக்கா சாப்பிடவில்லை என்று டிசைன் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

"என்ன தாயி, மூஞ்சி இப்பிடி இருக்கு? வீட்டுல எதுவும் துக்கமா?"

"ஒரு கமிட்டி கலைஞ்சுபோச்சுண்ணே."

"எந்தக் கமிட்டி? கோயில் கமிட்டியா?"

இப்போது பதிப்பு எண்ணே கிடையாது. தரம் தினமும் மாறிக்கொண்டே இருக்கும், உயிருள்ள தரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு அதைச் சொன்னபோது அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அப்ப இதுவரைக்கும் நாம எழுதுனதெல்லாம் பொணமா?"

தன் தம்பிக்கான அந்தப் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதல் ஆளாக மாற்றிவிடுவார். வாடிக்கையாளர் பக்கங்கள் அதற்குப் பிறகுதான். மாற்றி முடித்ததும், பக்கம் தரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லும் தளத்தில் போட்டுச் சோதிப்பார். பச்சைப் பட்டை வந்தால் நாற்காலியில் சாய்ந்து ஒரு மூச்சு விடுவார். "பச்ச வந்துருச்சு. இனி எந்த ஊருல, எந்த மிஷின்ல தொறந்தாலும் தொறக்கும்."

தம்பி மலேசியாவில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனவர். போகும் முன்னால் அக்காவும் தம்பியும் சேர்ந்து எங்கள் ஆபீஸ் சர்வரின் ஒரு மூலையில் விளையாட்டாகச் செய்த பக்கம் அது. வீட்டு நாயின் படம், ஓடுகிற எழுத்தில் ஊர்ப்பெயர். போன இடத்திலிருந்து வாரம் ஒருமுறை கூப்பிட்டு, "ஊரு நல்லா ஓடுதுக்கா" என்பாராம். அப்புறம் அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். தம்பியால் வர முடியவில்லை. போனில் மாமா ஒருத்தர், "நீ சொல்பேச்சு கேக்காமப் போனதுலதான்டா ஒங்கப்பன் செத்தான்" என்று கத்திவிட்டார். அதுதான் கடைசி அழைப்பு. தம்பி இடம் மாறிவிட்டார், நம்பர் மாறிவிட்டது. அவருக்குத் தெரிந்த, மாறாத முகவரி அந்தப் பக்கம் ஒன்றுதான்.

அதனால் அக்கா நாயையும் ஊர்ப்பெயரையும் எடுத்துவிட்டு, அம்மாவை ஆபீஸுக்கே கூட்டிவந்து உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல அடித்திருக்கிறார். தம்பி வா. மாமா சொன்னத மனசுல வச்சுக்காத. ஒங்கப்பா ஒன்னால சாகல. கடேசியா ஒன்னத்தான் கேட்டாரு, வையல. இப்படி இருபது வரி. நடுவில், கறுப்பாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு என்று ஒரு வரி.

"இது எதுக்கும்மா?"

"அவன் தூக்கி வளத்த ஆடுடீ. அவனுக்குத் தெரிய வேணாமா?"

அக்கா அதையும் அடித்தார். மேலே மட்டும், திரையில் எழுத்து சரியாக வராதவர்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ள, அதைத் தந்த தளத்துக்கு ஒரு இணைப்பு வைத்தார். அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்களில் எல்லாம் அந்த வரி இருக்கும்.

பிறகு அம்மாவும் போய்விட்டார். அக்கா அதைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. நான் கேட்டிருக்கிறேன்: "அம்மா இல்லன்னு போட வேணாமாக்கா?"

"அது அம்மா சொன்னது. நான் டேக்குலதான் கை வைப்பேன், சொல்லுல வைக்க மாட்டேன்."

யார் எந்த நாட்டிலிருந்து, எந்தக் கருவியில் ஒரு பக்கத்தைத் திறந்தார்கள் என்பது சர்வரில் பதிவாகும். வருடத்தில் ஒரே ஒரு வாரம், அவர்கள் ஊரில் மாதா தேர் இழுக்கிற வாரம், மலேசியாவிலிருந்து யாரோ அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள். தேடுபொறிகளும் பக்கங்களைத் திறந்து பார்க்கும், ஆனால் அவற்றுக்குத் தேர் நாள் தெரியாது. முதல் தடவை அது ஒரு போனிலிருந்து வந்தபோது அக்கா கீழே போய் டிசைன் அண்ணனுக்கும் எனக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.

"போன் வாங்கிட்டான் புள்ள."

ஆனால் டீ ஆறுவதற்குள் முகம் மாறிவிட்டது. "படிக்கிறான். வருசா வருசம் வந்து படிச்சிட்டுப் போறான். ஒரு வார்த்த பேசணும்னு தோணல பாரு. அம்மா அவ்வளவு சொல்லியும் அவ்வளவு கோவம்" என்றார். அந்த வாரம் முழுக்க அவரோடு யாரும் பேச முடியாது. போன் என்று தெரிந்த அன்றைக்கே, அதில் அந்த எழுத்துரு இருக்காதே என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். மூன்று பேரும் டீ குடித்தோம்.

அரிமளத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி, மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். டிசைன் அண்ணனும் ஏதோ புரூஃப் காட்ட மேலே வந்திருந்தார்.

"அக்கா, மாட்டுனீங்களா! பச்ச பச்சன்னு சொன்னீங்களே, ஒங்க பக்கம் போன்ல எப்பிடித் தெரியுது பாருங்க. கொத்தமல்லி தூவுன மாதிரி!"

அண்ணன் எட்டிப் பார்த்து, "இது என்ன, எலி கீபோர்டுல ஓடுனாப்புல இருக்கு" என்றார். நான் சிரித்தேன். அக்கா போனைக் கையில் வாங்கினார். அவருடைய இடது கை மட்டும் மேஜைமேல் மெல்ல அசைந்தது. விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அந்தக் குப்பையை அவர் விரலால் படித்துக்கொண்டிருந்தார்.

"மேல எழுத்துரு லிங்க் இருக்குல்ல?" என்றார்.

தட்டினேன். அந்தத் தளமே இப்போது இல்லை. எப்போதோ மூடிவிட்டார்கள். எங்கள் கம்ப்யூட்டர்களில் எழுத்துரு இருந்ததால் நாங்கள் யாரும் அதைத் தட்டிப் பார்த்ததே இல்லை. பச்சைப் பட்டை டேக் சரியா என்று பார்க்கும். சொல் தெரிகிறதா என்று அது பார்ப்பதில்லை.

"எல்லாப் போன்லயும் இப்பிடித்தானா?"

"ஆமாக்கா."

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. அண்ணன் புரூஃபைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கீழே போய்விட்டார்.

"இத்தன வருசம் நான் அவன வைஞ்சுக்கிட்டு இருந்தேன் புள்ள" என்றார் அக்கா. "மாதாகிட்டப் போயி நின்னுகூட அவனப் பத்தி நல்லதா ஒண்ணு கேக்கல. படிச்சிட்டும் வரலயேன்னு." போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "ஒண்ணும் படிக்க முடியலன்னாலும் வந்து பாத்திருக்கான்" என்றார்.

நான், எந்தப் போனிலும் தெரிகிற யூனிகோடு எழுத்துக்கு மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது, கருவி இருக்கிறது, நானே செய்கிறேன் என்று படபடத்தேன். அவர் கை காட்டித் தடுத்தார். அன்றைக்கு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அந்த இருபது வரியையும் தானே திரும்ப அடித்தார். ஆட்டுக்குட்டி வரி வந்தபோது மட்டும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். ஒரு சொல்கூட மாற்றவில்லை.

அடுத்த தேர் வாரம் வந்தது. அக்கா ஏழு நாளும் சர்வர் பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் எதையோ பேசிக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. எத்தனை தடவைதான் ஒரு மனிதர் குப்பையை வந்து பார்ப்பார்? அக்கா இந்த இடத்தைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்திருக்கலாம். வேறு எதுவும் ஆகியிருக்கலாம். அதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதற்குப் பின் ஒரு நாள், அக்கா முடித்துக் கொடுத்த ஒரு ரைஸ் மில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தி டேக் திறந்து கிடந்தது. ஏழு இடத்தில். பிரவுசர் புரிந்துகொள்ளும், ஒன்றும் ஆகாது. நான் அவரிடம் சொல்லாமல் ஒவ்வொன்றாக மூடினேன். மூடும்போது எனக்கு அழுகை வந்தது. அந்த மாதமே அவர் வேலையை விட்டுவிட்டார். "பஸ்ல வந்து போக முடியல புள்ள" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் ஏன் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று நினைத்தேன். அந்தத் தப்பைக் கண்டுபிடித்ததற்காக இல்லை. அதைச் சிரித்துக்கொண்டு சொன்னதற்காக.

இப்போது நான் கீரமங்கலத்தில் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். பழைய முதலாளி கேட்டுக்கொண்டதால் அந்த ஆபீஸ் சர்வரையும் நான்தான் கவனிக்கிறேன். அக்காவின் பக்கம் அங்கேயே இருக்கிறது. உயிருள்ள தரம் எதை மாற்றினாலும் முதலில் அதை மாற்றிவிடுகிறேன்.

இந்த வாரம் அவர்கள் ஊரில் தேர். செவ்வாய்க்கிழமை மலேசியாவிலிருந்து ஒரு போன் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அதே போன் மறுபடியும் திறந்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு அப்புறம்.

அவர்தானா என்று எனக்குத் தெரியாது. அவர் என்றால், இந்தத் தடவை படித்திருப்பார். படித்தும் எந்த நம்பருக்குக் கூப்பிடுவார்? அவருக்குத் தெரிந்த பழைய வீட்டு நம்பர் இப்போது இல்லை. அந்தப் பக்கத்தில் கூப்பிடச் சொல்லி ஒரு நம்பர் கிடையாது. அம்மா சொல்லவில்லை, அதனால் அக்கா போடவில்லை. அம்மா இருக்கிறார், ஆடு குட்டி போட்டிருக்கிறது என்றுதான் அந்தப் பக்கம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இருபது வருடமாக அந்தப் பக்கத்தின் டேக்குகளை மாற்றி மாற்றி எழுதியவர் தன் வாயால் தம்பிக்கு ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

செவ்வாய் சாயங்காலமே டிசைன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "மெதுவாச் சொல்லு தாயி" என்றார். எக்ஸ்பிரஸ் என்று சொல்லவில்லை. "நேர்ல போயிச் சொல்லு. உக்காந்து சொல்லு."

நாளைக்குக் காலை ஆவூர் போகிற முதல் பஸ்ஸில் போகிறேன். அக்கா என்னை வா என்பாரா என்று தெரியாது. வந்தது தம்பிதான் என்று நான் சொல்லப்போவதில்லை. திறந்திருக்கிறது, இரண்டு தடவை திறந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன். பிறகு, அவருக்கு இப்போது நீங்கள் என்ன சொல்லணும் என்று கேட்பேன். எழுத வேண்டாம். என் போனில் பேசினால் போதும், அந்தக் குரலை அப்படியே பக்கத்தில் வைக்க ஒரு டேக் இருக்கிறது. அம்மா போனதைச் சொல்லட்டும், வீட்டு நம்பரைச் சொல்லட்டும், வையணும் என்றால் வையட்டும். அழுதால் அதையும் வெட்டாமல் ஏற்றுவேன். அவர் பேசி முடிக்கிறவரை நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தேர் ஞாயிற்றுக்கிழமை நிலைக்கு வருகிறது. அதற்குள் ஏற்றிவிடணும்.